முக்காலுக்கு மலாயில் என்ன?

நளினி: இல்ல புனிதா, ஏச வரல. கேக்கத்தான் வந்தேன்.

புனிதா: கேளுங்க டீச்சர்.

நளினி: வெள்ளிக்கிழமை கணக்கு சார் முன்னாடி ஏன் வாயே தொறக்கல?

புனிதா: தெரியல.

நளினி: எது தெரியல? விடை தெரியலையா, ஏன் தொறக்கலன்னு தெரியலையா?

புனிதா: ...ரெண்டும்தான்.

பெரியநாயகி: பாப்பா, யாரு வந்திருக்கறது?

புனிதா: ஸ்கூல்லேருந்து டீச்சர்மா. நீ அடுப்பப் பாரு.

பெரியநாயகி: அடுப்பு எங்கயும் ஓடிடாது. வாங்க டீச்சர். அய்யோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. நான் இதோட அம்மா.

நளினி: வணக்கம்க்கா. நான் நளினி. சொல்லாம வந்துட்டேன்.

பெரியநாயகி: சொல்லிட்டு வந்தா மட்டும் என்ன, வீட்டக் கூட்டியிருப்பேன், அவ்வளவுதான். எங்கேருந்து வர்றீங்க?

நளினி: மலாக்கா டவுன்தான். பஸ்ல வந்து கிளிங் சந்தியில இறங்கினேன்.

பெரியநாயகி: இந்த வெயில்ல. இவ என்ன பண்ணினா? நேரா சொல்லுங்க. இவங்கப்பா வேலைக்குப் போயிருக்காரு, ஹோட்டல்ல தோட்ட வேலை, ஞாயித்துக்கெழமையும் உண்டு. அவரு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க.

புனிதா: நான் ஒண்ணும் பண்ணலம்மா.

நளினி: அதேதான்க்கா புகாரு. ஒண்ணும் பண்ணல. பண்ணியிருக்க வேண்டிய நேரத்துல.

பெரியநாயகி: புரியல.

நளினி: நான் டீச்சர்தான், ஆனா இப்ப லீவு எடுத்து யுனிவர்சிட்டியில படிக்கிறேன். ஆராய்ச்சி. பிள்ளைங்க கணக்குல ஏன் தப்பு விடறாங்கன்னு.

பெரியநாயகி: அதுக்கு யுனிவர்சிட்டியா? படிக்காததுனால விடறாங்க. எங்கிட்ட கேட்டிருந்தா இங்கயே சொல்லியிருப்பேனே, பஸ் காசு மிச்சம்.

புனிதா: அம்மா...

நளினி: இருக்கட்டும் புனிதா. அக்கா சொல்றதத்தான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா இப்ப வெளியில வேற மாதிரி யோசிக்கறாங்கக்கா. அமெரிக்கா, ஜப்பான் பக்கமெல்லாம் இதப் பத்தி நெறைய எழுதறாங்க. ஒரு பிள்ளை எத்தன மார்க்குன்னு பாக்காத, எந்த எடத்துல கால் தடுக்குதுன்னு பாரு. ரெண்டு பிள்ளை ஒரே நாப்பது மார்க்கு எடுக்கும். ஆனா ஒண்ணுக்கு ஒரு நோவு, இன்னொண்ணுக்கு வேற நோவு. ஒரே மருந்து கொடுத்தா எப்படி?

பெரியநாயகி: அதுவும் சரிதான். எம் பிள்ளைக்கு என்ன நோவு?

நளினி: அதக் கண்டுபிடிக்கத்தான் அக்கா ஒரு பேப்பர் செஞ்சேன். மூணாம் பாரத்துல மார்க்கு கொறஞ்ச பிள்ளைங்கள உக்கார வைக்கிற கடைசி வகுப்புல எல்லாருக்கும் கொடுத்தேன். இவ பேப்பரப் பாத்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். இந்தப் பிள்ளை கடைசி வகுப்புல இருக்க வேண்டியதே இல்ல.

பெரியநாயகி: நெசமாவா?

நளினி: நெசமா. பெரிய சார்கிட்ட, அதான் ஹெட்மாஸ்டர்கிட்ட, போய் நின்னேன். இவள அதே பாரத்துல ரெண்டாவது வகுப்புக்கு மாத்துங்க, பிஎம்ஆர் அரசாங்கப் பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்குன்னு. அவரு நம்பல. கணக்கு சார் முன்னாடி வாயால சொல்லட்டும், எப்படிப் போடறான்னு விளக்கட்டும், அப்புறம் பாப்போம்னாரு. வெள்ளிக்கிழமை அதுதான் நடந்துச்சு.

பெரியநாயகி: என்ன சொன்னா?

நளினி: நின்னா.

பெரியநாயகி: நின்னாளா?

நளினி: நின்னுக்கிட்டே இருந்தா. பெல் அடிச்சுது, போயிட்டா.

பெரியநாயகி: எங்கிட்ட சொல்லவே இல்லையே பாப்பா.

புனிதா: சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? எனக்குத் தெரியல, சொல்லல. விடு.

பெரியநாயகி: இத எப்படி விடறது? டீச்சர், இவங்கப்பா போன வாரமே சொல்லிட்டாரு. கடைசி வகுப்புல குந்திக்கிட்டு காலத்த ஓட்டறதுக்கு செங் ஊரு ஃபேக்டரியில வேலைக்குப் போன்னு. சந்திக்கே பஸ் வருதாம், ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி விடுதாம். மாசக் கடைசியில கூட்டிட்டுப் போறேன்னு ஆளுகிட்ட சொல்லி வச்சிட்டாரு.

நளினி: அது எனக்குத் தெரியாது. ...புனிதா, இத ஏன் நீ சொல்லல?

புனிதா: கேக்கலையே டீச்சர்.

நளினி: வகுப்பு மாறினா அப்பா விடுவாராக்கா?

பெரியநாயகி: விடுவாரு. அவரு கெட்ட மனுஷன் இல்ல. பிள்ளை படிக்கும்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னா போதும், காலுக்குச் செருப்பா இருப்பாரு.

நளினி: அப்ப நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. பெரிய சார் சொல்லிட்டாரு, இன்னொரு வாட்டி கேக்கணும்னா ஏன் வெள்ளிக்கிழமை பேசலன்னு காரணம் எழுதிக் கொடுன்னு. நாளைக்குக் காலையில கொடுக்கணும். அந்தக் காரணம்தான் எங்கிட்ட இல்ல.

பெரியநாயகி: பயம்னு எழுதுங்க. பொம்பளப் பிள்ளை, பயந்துட்டா.

நளினி: பயம்னா எல்லாத்துக்கும் பயந்திருக்கணும்லக்கா. பேப்பர்ல மத்தத நல்லாத்தான் போட்டிருக்கா. கேளுங்க, இதப் பாருங்க, இதுதான் அவ பேப்பரு. இங்க நம்பர்ல ஒரு கணக்கு. இருபதுல நாலில் மூணு பங்கு எவ்வளவு? பதினஞ்சுன்னு போட்டிருக்கா, சரி. இங்க கீழ அதே கணக்கு, மலாய்ல, எழுத்துல. மீன்காரர் இருபது கிலோ மீன் கொண்டாந்தாரு, முக்கால் பங்கு வித்துட்டாரு, எவ்வளவு வித்தாரு? இத அப்படியே வெறுமையா விட்டிருக்கா.

பெரியநாயகி: மீனு நாறியிருக்கும். அதான் தொடல.

புனிதா: அம்மா, சும்மா இரும்மா.

நளினி: நானும் மொதல்ல அப்படித்தான் ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன். ஆனா பாருங்க, கால் பங்குன்னு எழுத்துல வந்தா போடறா. அரைன்னு வந்தா போடறா. முக்கால்னு எழுத்துல வர்ற எடம் மட்டும், எல்லா எடத்துலயும், வெறுமை. பேனா கூடப் படல.

பெரியநாயகி: அதிசயமா இருக்கே.

நளினி: நான் கண்டுபிடிச்சிட்டேன்னு துள்ளினேன்க்கா. தமிழ்ப் பள்ளியில படிச்சிட்டு வந்த பிள்ளை. கணக்கு தெரியுது, மலாய் வார்த்தை தெரியல. அவ்வளவுதான் நோவுன்னு எழுதிட்டேன். வியாழக்கிழமை இவள உக்கார வச்சு அந்த வார்த்தையச் சொல்லியும் கொடுத்தேன். நல்லாத் தலையாட்டினா.

பெரியநாயகி: தலை நல்லா ஆட்டுவா. கோயில் மாடு தோத்துடும்.

நளினி: மறுநாள் கணக்கு சார் அதே வார்த்தைய வச்சுத்தான் மொதக் கேள்வி கேட்டாரு. முக்கால் மணி நேரத்துக்கு எத்தன நிமிஷம்னு. அவ்வளவுதான். வாய் பூட்டிக்கிச்சு.

பெரியநாயகி: முக்காலுக்கு மலாய்ல என்னவாம்?

புனிதா: அம்மா, வாசல் கேட் சாத்தினியா? நாய் வந்துடும்.

பெரியநாயகி: சாத்தினேன். என்ன டீச்சர்?

நளினி: தீகா சுக்கு.

புனிதா: டீச்சர்...

பெரியநாயகி: சுக்கா? சுக்குன்னதும் ஞாபகம் வருது, உங்களுக்குக் குடிக்க ஒண்ணும் கொடுக்கலையே. சுக்குக் காப்பி போடறேன். வெயிலுக்கு அதுதான் நல்லது. பாப்பா, டீச்சர் பக்கம் காத்தாடியத் திருப்பி விடு.

நளினி: வேணாம்க்கா, எதுக்கு...

பெரியநாயகி: பேசிக்கிட்டே இருங்க. தண்ணி கொதிக்கிற நேரம்தான்.

நளினி: ...என்ன புனிதா, மொகம் இப்படிப் போச்சு?

புனிதா: ஒண்ணுமில்ல. மெதுவாப் பேசுங்க டீச்சர்.

நளினி: ஏன் மெதுவா?

புனிதா: அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க.

நளினி: எது, தீகா சு...

புனிதா: டீச்சர், ப்ளீஸ்லா.

நளினி: ஓ. ...இரு. பசங்க அத வேற அர்த்தத்துல சொல்லுவாங்கல்ல. அதுவா? மூளை முழுசா இல்ல, முக்கால்தான் இருக்குன்னு. கழண்ட கேஸுன்னு. எங்க காலத்துலயும் உண்டு. எங்க வகுப்புல ஒருத்திய வருஷம் பூரா அப்படித்தான் கூப்பிட்டாங்க. உன்னையும் அப்படிக் கூப்பிடறாங்களா?

புனிதா: ஆமா டீச்சர். அதுதான். அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். அது மட்டும்தான்.

நளினி: ரொம்ப சீக்கிரம் ஒத்துக்கிட்டியே.

புனிதா: நீங்கதானே கேட்டீங்க.

நளினி: கேட்டேன். வியாழக்கிழமையும் கேட்டேன், வார்த்தை தெரியலையான்னு. அன்னிக்கும் இதே மாதிரித்தான் ஆமான்னு சொன்னே.

புனிதா: டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? எதையாச்சும் எழுதிக் கொடுத்துடுங்க. கணக்கு வராதுன்னே எழுதிடுங்க. எனக்குக் கோவமில்ல.

நளினி: கணக்கு வரும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்படி எழுதறது?

புனிதா: ஃபேக்டரியில பின்னம்லாம் கேக்க மாட்டாங்க. அக்காங்க எல்லாம் ஒரே சட்ட போட்டுக்கிட்டு, பேசிக்கிட்டே பஸ்ல போறாங்க. அங்க யாரும் யாரையும் பாக்கறதில்ல.

நளினி: யாரும் யாரையும் பாக்கறதில்லன்னா... இங்க யாரு உன்னப் பாக்கறா?

புனிதா: அம்மா வர்றாங்க.

பெரியநாயகி: இந்தாங்க டீச்சர். சீனி கம்மியா இருந்தா சொல்லுங்க. என்ன, நோவு கண்டுபிடிச்சாச்சா?

நளினி: கிட்ட வந்துட்டோம்னு நெனைக்கிறேன்.

பெரியநாயகி: ஜாக்கிரதை. கிட்ட வந்து தப்பாச் சொல்றவங்கதான் அதிகம். எங்கிட்டயும் ஒரு ஆஸ்பத்திரியில இப்படித்தான் கேள்வி கேட்டாங்க.

புனிதா: அம்மா, அது எதுக்கு இப்ப?

பெரியநாயகி: இருடி, நல்ல கதை. சின்ன டாக்டரு, மீசை கூட ஒழுங்கா வரல. இன்னிக்கு என்ன கெழமன்னாரு. சொன்னேன். நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வான்னாரு, நர்ஸு தமிழ்ல சொல்லிச்சு. ஏன் ஏழு எடுக்கணும், யாரு எடுத்தாங்க, கேட்டுட்டு எடுத்தாங்களான்னேன். அவ்வளவுதான். பேனாவ எடுத்து என்னமோ எழுதிட்டாரு.

நளினி: ஹா... அது நல்ல கேள்விதான்க்கா.

பெரியநாயகி: நல்ல கேள்விதான். ஆனா அவரு பேப்பர்ல அதுக்கு எடமில்ல போல. கழிச்சாளா, கழிக்கலையா, அவ்வளவுதான் எடம் இருந்திருக்கும்.

நளினி: ...

பெரியநாயகி: என்ன டீச்சர், காப்பி காரமா?

நளினி: இல்லக்கா. நல்லா இருக்கு.

பெரியநாயகி: குடிங்க. நான் வாசல் கேட் சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்.

நளினி: ...இப்பதானே சாத்தினேன்னு சொன்னாங்க?

புனிதா: பாப்பாங்க. பாத்துட்டு வந்து மறுபடியும் பாப்பாங்க.

நளினி: புனிதா. அம்மாவுக்கு ஒடம்புக்கு என்ன?

புனிதா: ஒண்ணுமில்ல. மாத்திர சாப்பிடறாங்க. இப்ப நல்லா இருக்காங்க. நீங்களே பாத்தீங்கல்ல, எப்படிப் பேசறாங்கன்னு.

நளினி: நல்லாத்தான் பேசறாங்க. எனக்கே பதில் சொல்ல முடியல.

புனிதா: அப்ப சரி.

நளினி: உன்ன இல்ல. அம்மாவத்தான் அப்படிக் கூப்பிடறாங்க. இல்லையா?

புனிதா: ஜன்னல சாத்தட்டுமா டீச்சர்?

நளினி: அவங்க கேட் பாக்கப் போயிட்டாங்க. சொல்லு.

புனிதா: நாங்க முந்தி மஸ்ஜித் தானா பக்கம் ரப்பர் எஸ்டேட்ல இருந்தோம். அத வித்துட்டாங்க, இங்க வந்துட்டோம். வந்த புதுசுல அம்மா விடிகாலையில எந்திரிச்சு, தலையில துண்டு கட்டிக்கிட்டு, வாளிய எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுல போயி நிப்பாங்க. பால் வெட்டப் போற லோரி வரும்னு. இங்க எந்த லோரி வரப் போவுது? ஹோட்டலுக்குப் போற காருதான் வரும். காரெல்லாம் ஹாரன் அடிக்கும். அம்மா கைகாட்டுவாங்க, நிறுத்து நிறுத்துன்னு.

நளினி: அய்யோ...

புனிதா: நான் ஸ்கூல் பஸ்ல இருப்பேன். பஸ்ஸு அவங்களத் தாண்டித்தான் போவும். ஒரு நாள் எங்க வகுப்பு தனபாலன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து சொன்னான். டேய், அதோ தீ... அந்த வார்த்தையச் சொன்னான். இதுதான் அங்கமுத்து பொண்டாட்டின்னு சொன்னான். எங்கப்பா பேரு டீச்சர், அங்கமுத்து. பஸ்ஸே சிரிச்சுச்சு.

நளினி: நீ?

புனிதா: நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா எங்கம்மான்னு தெரிஞ்சுடும்ல. அப்புறம் தெரிஞ்சுதான் போச்சு. அதுலேருந்து வகுப்புல டீச்சர் யாராச்சும் முக்கால்னு சொன்னா போதும், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். டீச்சருக்கு ஒண்ணும் புரியாது. இதுல என்ன சிரிப்புன்னு கேப்பாங்க. பேப்பர்ல அந்த வார்த்தையப் பாத்தாலும் எனக்குக் கணக்கு தெரியாது டீச்சர். பஸ்ஸுதான் தெரியும்.

நளினி: வெள்ளிக்கிழமையும் யாராச்சும் சிரிச்சாங்களா?

புனிதா: கதவு கிட்ட எனக்கு அடுத்து கணக்கு சாரப் பாக்க வந்தவங்க நின்னாங்க. தனபாலனும் நின்னான். சிரிக்கல. சிரிக்காம இருக்கறதுக்கு வாயப் பொத்திக்கிட்டான். அது இன்னும் மோசம்.

நளினி: நான் முன்னாலயே கேட்டிருக்கணும். எங்கிட்ட ரெண்டு கட்டம்தான் இருந்துச்சு புனிதா. கணக்கு தெரியல, இல்லன்னா மொழி தெரியல. உன்ன ரெண்டாவது கட்டத்துல போட்டு, அடுத்த பேப்பர எடுத்துட்டேன். உனக்குத் தெரிஞ்ச வார்த்தையவே உக்கார வச்சு உனக்குச் சொல்லியும் கொடுத்தேன். எப்படி இருந்திருக்கும் உனக்கு.

புனிதா: நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க.

நளினி: வேணாம். அப்படிச் சொல்லாத. மனசு கஷ்டமா இருக்கு.

புனிதா: சரி டீச்சர்.

நளினி: இப்ப காரணம் கிடைச்சாச்சு. இதத்தான் எழுதணும். பெரிய சார் தன்மையானவரு, படிச்சா உடனே இன்னொரு தடவ கேக்கச் சொல்லுவாரு. தனியா, கதவச் சாத்திட்டு.

புனிதா: எழுதாதீங்க.

நளினி: எழுதலன்னா கடைசி வகுப்புதான். மாசக் கடைசியில ஃபேக்டரி.

புனிதா: பரவால்ல. எழுதினா அது ஆபீஸ்ல கெடக்கும். கிளார்க்கு பாப்பாங்க, கணக்கு சார் பாப்பாரு. பையனுங்க வாயில இருக்கறது அப்புறம் பேப்பர்லயும் வந்துடும். அம்மாவுக்கு அந்தப் பேரு இருக்கறதே தெரியாது டீச்சர். அவங்களுக்கு மலாய் சரியா வராது. அதனாலதான் நல்லா இருக்காங்க. தெரிஞ்சா மறுபடியும் முடியாமப் போயிடும். நான் கணக்குல பாஸாவறதுக்காக அவங்கள...

பெரியநாயகி: காப்பிய அப்படியே வச்சிருக்கீங்களே டீச்சர். ஆறிப் போச்சு.

புனிதா: கேட் சாத்தியிருந்துச்சா?

பெரியநாயகி: நான் கேட் கிட்டயே போகல பாப்பா. ஜன்னலுக்கு வெளியிலதான் நின்னேன்.

புனிதா: ...எப்பலேருந்து?

பெரியநாயகி: எஸ்டேட்டு கதையிலேருந்து. டீச்சர், எழுதுங்க.

புனிதா: அம்மா, அது வந்து... பசங்க சும்மா வெளாட்டுக்கு...

பெரியநாயகி: அது என்னன்னு எனக்குத் தெரியும். எஸ்டேட்டுல மலாய்க்காரங்க கடையிலதானே சாமான் வாங்கினேன். சீனி முழுக் கிலோ வேணுமா, தீகா சுக்கு வேணுமான்னு கேக்காமலா இருந்திருப்பாங்க?

புனிதா: அப்ப... அதுக்கு இன்னொரு அர்த்தம்...

பெரியநாயகி: அதுவும் தெரியும். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மீன்காரி, மீனக் கொடுத்துட்டு பக்கத்துக் கடைக்காரிகிட்ட கண்ணக் காட்டிச் சொல்லுவா. நான் காசக் கொடுத்துட்டு மீன வாங்கிட்டு வந்துடுவேன். சண்டை போட்டா அவ சொன்னது சரியாப் போயிடுமே.

புனிதா: ஏம்மா எங்கிட்ட சொல்லல?

பெரியநாயகி: நீ ஏன் சொல்லல?

புனிதா: உனக்குத் தெரியக் கூடாதுன்னு.

பெரியநாயகி: எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னு நான். பாருங்க டீச்சர், ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு, முழுப் பூசணிக்காய ஆளுக்குப் பாதியா சோத்துல மறைச்சிருக்கோம்.

நளினி: அக்கா, உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே...

பெரியநாயகி: நான் நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். பயப்படாதீங்க. இவ இங்கேருந்து சிரிச்சிக்கிட்டே ஸ்கூலுக்குப் போவா, சிரிச்சிக்கிட்டே வருவா. நல்லாத்தான் படிக்குது பிள்ளைன்னு இருந்தேன். கடைசி வகுப்புன்னதும் மண்டையில ஏறல போலன்னு நெனச்சேன். பெத்தவ நானே அப்படி நெனச்சேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பிள்ளை இத்தன நாளா அங்க போயி கெடந்திருக்காது. அத நெனச்சாதான் எனக்கு முடியல. பேரு வச்சது பெருசில்ல.

புனிதா: நீ அழாதம்மா.

பெரியநாயகி: நான் அழுவல. நீதான் அழுவுற. மூக்கத் தொட.

புனிதா: அன்னிக்கு பஸ்ல நான் சிரிச்சேன்னு சொன்னதும் கேட்டியா?

பெரியநாயகி: கேட்டேன். நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன் பாப்பா. பஸ்ஸு பூரா சிரிக்கும்போது ஒத்தப் பிள்ளை என்ன செய்யும்?

நளினி: புனிதா. இங்க பாரு. இப்ப கேக்கட்டுமா?

புனிதா: எதை?

நளினி: கணக்கு சார் கேட்டத.

புனிதா: இப்ப வேணாம் டீச்சர்.

பெரியநாயகி: கேளுங்க டீச்சர். மலாய்லயே கேளுங்க. நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல.

நளினி: தீகா சுக்கு ஜாம், பெராப்பா மினிட்?

பெரியநாயகி: என்னப் பாத்துச் சொல்லு.

புனிதா: ...அம்பாட் புலு லிமா.

பெரியநாயகி: சரியா டீச்சர்?

நளினி: சரி. நாப்பத்தஞ்சு நிமிஷம். எப்படி வந்துச்சு புனிதா? வாயால சொல்லணும், அதுதான் முக்கியம்.

புனிதா: ஒரு மணி நேரத்த நாலா பிரிச்சா ஒரு பங்குக்குப் பதினஞ்சு. அதுல மூணு பங்கு. தீகா... தீகா சுக்குன்னா மூணு கால். மூணு பதினஞ்சு, நாப்பத்தஞ்சு.

பெரியநாயகி: இவ்வளவுதானா? இதுக்கா ஃபேக்டரிக்குப் போறேன்னே?

நளினி: நாளைக்கு இதையே சொன்னாப் போதும். தனபாலன்கிட்டயும் அந்த நேரத்துக்கு வர வேணாம்னு நான் சொல்லிடறேன்.

புனிதா: வரட்டும் டீச்சர். வந்தா வரட்டும்.

நளினி: நெசமா?

புனிதா: தெரியல. இப்ப அப்படித் தோணுது. நாளைக்கு எப்படித் தோணும்னு தெரியல.

நளினி: அது போதும். அக்கா, அப்ப நான் எழுதட்டுமா? உங்க பேரு போட மாட்டேன். வீட்டுல ஒடம்பு சரியில்லாதவங்கள வச்சு மத்த பிள்ளைங்க கேலி பண்றாங்க, அந்த வார்த்தை கேள்வியில வந்துச்சு, அதனால பேசலன்னு மட்டும்.

பெரியநாயகி: பேரு போட்டா என்ன, போடாட்டி என்ன? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? எழுதுங்க.

நளினி: ஒண்ணு இருக்குக்கா. வீட்டு விஷயத்த எழுதறதுனால அப்பா படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடணும். பெரிய சார் அதக் கண்டிப்பாக் கேப்பாரு.

புனிதா: அப்பாவா? அப்ப வேணாம் டீச்சர். எதுவும் எழுதாதீங்க.

நளினி: ஏன், இப்பதானே...

புனிதா: அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, சரி. அப்பாவுக்கு இந்தப் பேரு தெரியாது. தெரிஞ்சா அவ்வளவுதான். எவன் வச்சான்னு கேப்பாரு. தனபாலன் வீட்டுக்கு பாராங்கத்தியத் தூக்கிட்டுப் போவாரு. தனபாலன் அப்பா ஹோட்டல்ல இவரு கூடத்தான் வேலை செய்யறாரு. சண்டையாயி, வேலையும் போயிடும்.

பெரியநாயகி: போக மாட்டாரு.

புனிதா: உனக்குத் தெரியாதும்மா. உன்ன யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா அப்பா தாங்க மாட்டாரு.

பெரியநாயகி: தாங்க மாட்டாருதான். ஆனா யாரையும் வெட்டப் போக மாட்டாரு. கையெழுத்துப் போடுவாரு டீச்சர், ராத்திரியே நான் வாங்கி வைக்கிறேன். நீங்க எழுதிட்டுப் போங்க.

புனிதா: எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்ற? எவன் மொதல்ல சொன்னான்னு கேப்பாரே, என்ன சொல்லுவ?

பெரியநாயகி: கேக்க மாட்டாரு பாப்பா. எனக்கு மொதல்ல முடியாமப் போன அன்னிக்கு லீவு கேக்கறதுக்கு என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் ஹோட்டலுக்குப் போனாரு. உம் பொண்டாட்டிக்கு என்ன நோவுன்னு மேனேஜர் மலாய்ல கேட்டாரு. தனபாலன் அப்பா, இன்னும் நாலு பேரு, எல்லாரும் நின்னாங்க. உங்கப்பா என்னப் பாத்தாரு, தரையப் பாத்தாரு, ரொம்ப நேரம் யோசிச்சாரு... அப்புறம் தலைக்கு நேரா வெரலக் காட்டி அந்த வார்த்தையச் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. லீவும் கொடுத்தாங்க. அவருக்கு மலாய்ல வேற வார்த்தை தெரியல பாப்பா.